ஜோர்ஹாட் - தூத்துக்குடி: மூணே முக்கால் மணி நேரமாம்

செண்பகம், குமரேசா,

போன செவ்வாய்க்கிழமை நான் நம் டிக்கெட் கடைக்கு வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திருவேங்கடத்திலிருந்து வந்த ஒருவர் குமரேசனிடம், "தம்பி, தூத்துக்குடியிலேருந்து திமாப்பூருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். அவர் மகன் அங்கே பட்டாளத்தில் இருக்கிறானாம். குமரேசன் கம்ப்யூட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "மூணரை மணி நேரம் சார்" என்றான். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அவர் பின்னால் ஓடினேன். பழக்கடைக்கு முன்னால்தான் பிடிக்க முடிந்தது. "அய்யா, மூணரை மணி நேரம்னு வீட்ல போய்ச் சொல்லிராதீங்க. நேரா போற ஃப்ளைட்டே கிடையாது" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?" என்றார்.

திரும்பி வந்தால் செண்பகம் சிரிக்கிறாள். "விடுங்கப்பா. அவரு சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டாரு."

சும்மா தெரிந்துகொள்ள நம் கடைப் படியை யாரும் ஏறுவதில்லை அம்மா. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். டிக்கெட் போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, என்னைவிட நீங்கள் வேகம். ஆனால் கடை இப்போது உங்கள் கையில். எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது அந்தக் கம்ப்யூட்டரில் வராது.

முதலில் அந்த இணையப் பக்கங்களைப் பற்றி என் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். ஏதாவது இரண்டு சின்ன விமான நிலையங்களின் பெயரைப் போடுங்கள். நடுவில் வளைவாக ஒரு கோடு இழுத்துக் காட்டும். தூரம் இத்தனை கிலோமீட்டர், விமான நேரம் இத்தனை மணி என்று பெரிய எழுத்தில் வரும். பொய் என்று சொல்லிவிட முடியாது. கோடும் சரி, கணக்கும் சரி. அந்தக் கோட்டின் மேல் போவதற்கு ஒரு விமானம்தான் இல்லை. அதை மட்டும் எங்கேயும் சின்ன எழுத்தில்கூடப் போட மாட்டார்கள். நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு வீடு பட்டாள வீடு. பிள்ளைகள் அஸ்ஸாமிலும் நாகாலாந்திலும் இருக்கிறார்கள். அந்தக் கோட்டை நம்பி இங்கே வீட்டில் இருப்பவர்கள் என்னென்ன செய்துவைக்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன்.

கடையை உங்களிடம் ஒப்படைப்பதற்கு முந்தின ஆவணி. இலத்தூரிலிருந்து சுப்பையா அண்ணாச்சி வந்தார். நில புலம் உள்ள மனிதர், வாய் கொஞ்சம் பெரிசு. கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. பேரனுக்குப் பண்பொழி மலைக் கோயிலில் வைத்து மொட்டையும் காதுகுத்தும். வெள்ளிக்கிழமை காலை, ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் முகூர்த்தம்.

"மருமவளுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்காம்லா, வேலு, மிலிட்டரிக்காரன், அவனுக்கு ஒரு டிக்கெட்டு போடும்வே. ஜோர்ஹாட்டுல இருக்கான். வியாழக்கிழமை லீவு ஆரம்பிக்குது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இலத்தூர் வந்துருவான்."

"வெள்ளிக்கிழமை மத்தியானமா அண்ணாச்சி?"

"வியாழக்கிழமை மத்தியானம்வே. மூணே முக்கால் மணி நேரந்தான. நம்ம சின்ன மவன் சென்னையிலேருந்து போன்ல பாத்துச் சொல்லிட்டான். அதை வச்சுதான் முகூர்த்தமே குறிச்சது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இதைக் கவனியுங்கள். மாமன் வந்து சேரும் நேரத்தை வைத்து முகூர்த்தம் குறித்தது நல்ல வழக்கம்தான். காது குத்தத் தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். ஆனால் வருகிற ஆளிடமும் கேட்கவில்லை, நம்மிடமும் கேட்கவில்லை. போனில் ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு ஜோசியரிடம் போய்விட்டார்கள்.

பொறுமையாகச் சொன்னேன். ஜோர்ஹாட் சின்ன நிலையம். அங்கிருந்து கொல்கத்தா வர வேண்டும். கொல்கத்தாவிலிருந்து சென்னை. சென்னையில் ராத்திரி தங்கி, விடிந்து தூத்துக்குடி. அங்கிருந்து காரில் பண்பொழி. எல்லாம் நேரத்துக்கு நடந்தாலே முகூர்த்தத்தின் வாலைத்தான் பிடிக்கலாம். ஒரு இடத்தில் தவறினால் எல்லாம் தவறும். "வெள்ளிக்கிழமை சாயங்காலமும் நல்ல நேரம் இருக்கு அண்ணாச்சி. நாலே முக்காலுக்கு மேல. அதுக்கு மாத்திக்கிடலாம்லா?"

"பத்திரிகை அடிச்சாச்சுல்லா! பந்தி காலையிலவே. ஆக்குப்பிறை சமையக்காரங்களுக்குச் சொல்லியாச்சு."

"சரி, அப்பம் கொல்கத்தாவிலேருந்து பெங்களூர் வழியா திருவனந்தபுரத்துக்குப் போடுதேன். ராத்திரியே எறங்கிருவாரு. செங்கோட்டை வழியா வந்தா விடியறதுக்குள்ள பண்பொழி."

"திருவனந்தபுரமா? அது கேரளாவுல்லா இருக்கு! எம் மருமவ அண்ணன் கேரளாவுல எறங்கி வரணுமா? தூத்துக்குடிக்கு மேளத்தோட கார் அனுப்புதேன்னு நாலு பேருகிட்டச் சொல்லிட்டேன்வே."

இதற்கு மேல் நான் என்ன பேச? அவர் கேட்டபடியே போட்டேன். வாடிக்கையாளர் சொல்லுக்கு ஓரளவுக்கு மேல் எதிர்நின்றால் அவர் அடுத்த கடைக்குப் போவார், அங்கே ஒருவன் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பான். ஆனால் ஒன்று செய்தேன். வேலுவின் நம்பரை வாங்கி நானே பேசினேன். பேசியபோதுதான் விஷயம் எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

வேலுவும் அவன் தங்கை இசக்கியும் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர்கள். அவன்தான் பட்டாளத்தில் சேர்ந்து அவளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தான். வளைகாப்புக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளை பிறந்தபோதும் கிடைக்கவில்லை. இரண்டு தடவையும் அவன் இடத்தில் வந்து சீர் செய்தது தங்கராசு. பெரியப்பா மகன், கிணற்றுப் பங்கில் இவனோடு பகையானவன். இலத்தூர் வீட்டுப் பெண்கள் இசக்கியிடம், "உனக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான்னு சொல்லுதாங்க, போட்டோவுலதான் பாத்திருக்கோம்" என்று சொல்லிக் காட்டுகிறார்களாம். இந்தத் தடவையும் வேலு வராவிட்டால் பிள்ளை தங்கராசு மடியில்தான் உட்காரும். ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டில் தாய்மாமன் அவன்தான், பிறகு கல்யாணம் காட்சி எல்லாவற்றுக்கும் அவனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள்.

"அந்த மடியை மட்டும் விட்டுரக் கூடாது அண்ணாச்சி" என்றான் வேலு. என்னிடம் டிக்கெட் போட்ட எத்தனையோ பேர் அவசரம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பையன் அவசரம் என்று சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை வந்தது. அங்கே அஸ்ஸாமில் மழை கொட்டியது. ஜோர்ஹாட்டில் இறங்க வேண்டிய விமானம் இறங்கவே நேரமாகி, வேலு கொல்கத்தா வந்து சேர்ந்தபோது சென்னை விமானம் போய்விட்டது. இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, போயிட்டு."

"தெரியும். பாத்துக்கிட்டுதான் இருக்கேன். காலையில முதல் ஃப்ளைட்டுல மாத்துதேன். சென்னையில எறங்கி, அடுத்ததுல தூத்துக்குடி. மத்தியானம் எறங்குவிய."

"முகூர்த்தம் பத்தே காலோட முடியுதுல்லா."

"ஆமா."

அவனுக்குப் பின்னால் ஹிந்தியில் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "கேன்சல் பண்ணிருங்க அண்ணாச்சி. நான் திரும்பிப் போறேன். அவன் மடியில உக்காந்து முடிஞ்ச பொறவு நான் போய்ப் பந்தியில உக்காந்து சாப்பிடவா? லீவு கிடைக்கலன்னு சொல்லிருங்க. அவளுக்கும் அது பழகின சொல்லுதான்" என்றான்.

இப்போது நீங்கள் இரண்டு பேரும் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? டிக்கெட் அவன் பெயரில். அவன் கேன்சல் என்று சொல்லிவிட்டான். சட்டப்படி பார்த்தால் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இலத்தூருக்கு, 'லீவு கிடைக்கலையாம்' என்று ஒரு போன். யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. விரல் அந்தப் பொத்தான் மேலேதான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பயணத்தைப் பற்றி அண்ணாச்சி பேசினார், சென்னையிலிருக்கும் சின்னவர் பேசினார், ஜோசியர் பேசினார், நான் பேசினேன், வேலு பேசினான். யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அந்தப் பெண்ணிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பி, கேன்சல் பண்ணுதேன். ஆனா லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, கடைப் போனில் இலத்தூர் வீட்டைக் கூப்பிட்டேன். அண்ணாச்சி எடுத்தார். "யாருவே? வேலு கிளம்பிட்டானா?" என்றார். "மருமவகிட்டக் குடுங்க அண்ணாச்சி" என்றேன். "எதுக்கு?" என்றார். "குடுங்க" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கொடுத்துவிட்டார்.

இசக்கியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். முகூர்த்தத்துக்குள் வர முடியாது, மத்தியானத்துக்கு மேல்தான், அவன் திரும்பிப் போகிறேன் என்கிறான் என்று. இரண்டு போனையும் ஒட்ட வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒருத்தர் பேசுவது மற்றவருக்கு இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். ஆனாலும் அவள் குரல் எனக்கே கணீர் என்று கேட்டது.

"அண்ணே, நேரத்தையா நான் வரச் சொன்னேன்? உன்னையத்தான சொன்னேன். நீ எப்ப வந்தாலும் வா. அதுவரைக்கும் எம் பிள்ளை காதை எவனும் தொட முடியாது."

வேலு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் காலை விமானத்தில் மாற்றிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி என்னையும் மலைக்கு வரச் சொல்லிவிட்டார். அழைப்பு என்று நினைக்காதீர்கள், பிடித்து வைத்துக்கொள்ளத்தான். "அவன் வரலைன்னா உம்மைத்தான் கேப்பேன்வே." போனேன். சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்த கூட்டம் வேறு ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மண்டபத்தில் தங்கராசு பட்டு வேட்டியும் சந்தனமுமாக, கையில் நகைப்பெட்டியோடு, ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியை விரித்து வைத்துக்கொண்டே இருந்தான்.

நல்ல நேரத்துக்குள் தகப்பன் மடியில் வைத்து மொட்டை அடித்தார்கள். அடுத்தது காது. ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்தார். இசக்கி பிள்ளையை வாங்கி, முந்தானையால் தலையையும் காதையும் சேர்த்து மூடி, தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏ இசக்கி, நேரம் போகுதும்மா" என்றார் அண்ணாச்சி.

"போகட்டும் மாமா. எங்க அண்ணன் வந்துகிட்டு இருக்கான்."

"அதான் தங்கராசு இருக்காம்லா? அவனும் உனக்கு அண்ணன்தான?"

"அவரு பந்திக்கு வந்த அண்ணன். நான் கேட்டது மடிக்கு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கராசு முகம் கறுத்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏம்வே, எங்கன வருதான் அவன்? சொல்லும்!" அவருடைய சின்னவர் அதற்குள் என்னிடம் போனை நீட்டிக்கொண்டு, "சென்னை தூத்துக்குடி முக்கால் மணி நேரம்னு போட்டிருக்கு மாமா" என்கிறார். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கிப் படிக்கட்டில் உருட்டிவிடலாமா என்று இருந்தது.

இந்த இடத்தில் எல்லாரும் சொல்லுகிற பதில் ஒன்று உண்டு. 'வந்துகிட்டே இருக்காரு, இப்பம் வந்துருவாரு.' அந்த நிமிஷத்துக்கு அது தப்பிக்க வைக்கும். கேட்டவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை கொதிப்பார்கள், கடைசியில் மொத்தமாக வெடிப்பார்கள். நான் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். "இப்பம்தான் சென்னை. சாயங்காலத்துக்கு முன்னால இங்கன வர மாட்டாரு. இலையைப் போடச் சொல்லுங்க, சாப்பிடுறவங்க சாப்பிடட்டும்."

கெட்ட செய்தியை முழுசாகச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சண்டை போட ஒன்றும் இருப்பதில்லை. பந்தி நடந்தது. ஆசாரி, "செங்கோட்டையில ஒரு சோலி இருக்கு, முடிச்சிட்டு அஞ்சு மணிக்கு வாறேன்" என்று இறங்கிப் போனார். தங்கராசு போகவில்லை. வேலு எப்படியும் வர மாட்டான் என்று நினைத்தானோ என்னவோ, மண்டபத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிறேன், வேலு போன்.

"அண்ணாச்சி, தூத்துக்குடி மேல ரெண்டு சுத்து சுத்திட்டு எறக்க முடியலன்னுட்டாங்க. காத்து பயங்கரமா அடிக்குதாம். இப்பம் திருவனந்தபுரத்துல எறக்கி வச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேரளாவில் இறங்கக் கூடாது என்று அடம் பிடித்த அண்ணாச்சி அந்தப் பக்கம் பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"விமானத்துக்குள்ளதான் உக்காந்திருக்கோம். காத்து குறைஞ்சதும் திரும்பத் தூத்துக்குடிக்குக் கிளம்பும்னு சொல்லுதாங்க. எறங்கணும்னா இப்பமே எறங்கிக்கிடலாமாம், கையில பேக் மட்டும்தான் வச்சிருக்கேன். எறங்கவா, இருக்கவா?"

யோசிக்க நேரமில்லை. இருந்தால் விமானம் எப்போது கிளம்பும் என்று அந்த விமானிக்கே தெரியாது. கிளம்பினாலும் தூத்துக்குடிக் காற்று மறுபடி அடிக்கலாம். அங்கே நம் டிரைவரும் மேளக்காரர்களும் காத்துக் கிடக்கிறார்கள், அது வேறு. இறங்கினால் நெடுமங்காடு, தென்மலை, ஆரியங்காவு என்று மலைப்பாதை. கஷ்டமான ரோடுதான், ஆனால் காலுக்குக் கீழே இருக்கிற ரோடு.

"எறங்கிருங்க" என்றேன். "வெளிய வந்து டாக்ஸி பிடிச்சு, செங்கோட்டைன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் என்னை முறைத்த முறைப்பை எழுத எனக்குப் படிப்பு போதாது. "நீரு நெனச்சதை முடிச்சிட்டீருல்லா?" என்றார். நான்தான் காற்றை ஏவிவிட்டேன் என்பது மாதிரி.

நாலே முக்கால் ஆயிற்று. நல்ல நேரம் தொடங்கிவிட்டது. ஆசாரி வந்துவிட்டார். வேலு ஆரியங்காவு தாண்டிவிட்டேன் என்றான். பிறகு புளியரையில் நிற்கிறேன் என்றான். பிறகும் புளியரைதான். கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிப் போகிற லாரிகள் அந்த எஸ் வளைவில் ஒன்றுக்கொன்று வழி விடாமல் நின்றுகொண்டிருந்தன. ஆகாயத்தில் அவ்வளவு தூரம் வந்தவனைக் கடைசியில் ஒரு லாரி மறித்துக்கொண்டது. எந்தப் பக்கத்திலாவது இதைப் போடுவானா? புளியரை வளைவுக்கு இவ்வளவு நேரம் என்று எந்தக் கோடாவது காட்டுமா?

அஞ்சே முக்காலும் போய்விட்டது. நல்ல நேரம் முடிந்தது. யாரும் சத்தம் போடவில்லை, போடத் தெம்பில்லை. இசக்கி மட்டும் எழுந்து மலைப்பாதை தெரிகிற இடத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். சாரலில் நனைகிறாள் என்று யாரோ குடை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதைப் பிள்ளை தலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டாள்.

கோயிலில் விளக்கு ஏற்றியபோது கேரளா நம்பர் வண்டி ஒன்று மேலே ஏறி வந்தது. வேலு இறங்கினான். இரண்டு நாள் தாடி, கசங்கின சட்டை, தோளில் பச்சைப் பை. தங்கையைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், "ரொம்ப லேட்டாயிட்டோ?" என்று கேட்டான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆசாரி அண்ணாச்சியைப் பார்த்தார். நேரம் முடிந்துவிட்டதே, நாளைக்கு வைத்துக்கொள்வோமா என்கிற பார்வை. அண்ணாச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "காலையிலேருந்து நேரம் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சுவே. குத்தும்" என்றார்.

ஜமுக்காளத்தில் தங்கராசு உட்கார்ந்திருந்தான். எழுவானா மாட்டானா என்று எல்லாரும் பார்த்தோம். அவன் வேலுவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த அழுக்குச் சட்டையோடயா பிள்ளையத் தூக்கப் போறலே?" என்று சொல்லி, தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து அவன் மேல் வீசிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான். வேலு அதை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். பகை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். கிணற்று வழக்கு இன்றைக்கும் செங்கோட்டை கோர்ட்டில்தான் இருக்கிறது.

பிள்ளை ஊசிக்கு அழவில்லை. மாமன் தாடியைப் பார்த்துத்தான் வீரிட்டு அழுதது. வேலு அதைப் பிடித்த பிடியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு காதும் முடிகிற வரைக்கும் அவன் மூச்சு விட்ட மாதிரியே தெரியவில்லை.

இதையெல்லாம் என் சாமர்த்தியம் என்று சொல்ல எழுதவில்லை. காதுகுத்து முடிந்த கையோடு அண்ணாச்சியின் சின்னவர் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த விமானம் அரை மணி நேரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பி, தூத்துக்குடியில் நல்லபடியாக இறங்கிவிட்டதாம். "உள்ளயே இருந்திருந்தா நல்ல நேரத்துக்குள்ள வந்திருப்பாருல்லா மாமா?" என்றார். வந்திருப்பான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தடவையும் ஒருவன் அப்படி ஒரு விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, இறங்கவா இருக்கவா என்று கேட்டால், இறங்கு என்றுதான் சொல்வேன். கேட்கிற நிமிஷத்தில் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு எடுக்க முடியும். பிறகு என்ன நடந்தது என்பதை வைத்து நம்மை அளக்க ஆயிரம் பேர் வருவார்கள். அதற்குப் பயந்து, 'உங்க இஷ்டம் சார்' என்று நழுவுகிற பழக்கத்தை மட்டும் நீங்கள் பழகிவிடாதீர்கள். இஷ்டம் தெரிந்தால் அவர்கள் ஏன் நமக்குப் போன் போடுகிறார்கள்?

சின்ன ஊர் விமான நிலையம் என்றால் எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள், இது தவறினால் அடுத்தது எப்போது என்று பாருங்கள். அங்கே அதுதான் தூரம். எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர் வந்து கேட்டால், திரையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். குமரேசா, இது உனக்குத்தான். திருவேங்கடத்துக்காரர் வீட்டில் என்ன விசேஷம் என்று நீ கேட்டாயா? நானும் பழக்கடை வாசலில் மூச்சு வாங்கியதில் கேட்க மறந்துவிட்டேன். அவர் மறுபடி வந்தால் கேள்.

அன்றைக்கு மண்டபத்தில் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் நழுவிப் படி வழியாகத் தனியாக இறங்கிவிட்டேன். அடிவாரத்தில் காரில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அதே கோடு, அதே மூணே முக்கால் மணி. கீழே இறங்கிக்கொண்டே போனால் கருத்து எழுதக் கட்டம் ஒன்று இருந்தது. ஒற்றை விரலால் தமிழில் எழுதினேன்: 'அய்யா, இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நேராகப் போகிற விமானம் கிடையாது. தயவுசெய்து அதையும் போடுங்கள். உங்களை நம்பி முகூர்த்தம் வைக்கிறார்கள்.' அனுப்பு என்பதை அமுக்கினேன். போகவில்லை. நான் மனிதன்தானா என்று நிரூபிக்கச் சொல்லி, சின்னச் சின்னதாகச் சில படங்களைக் காட்டியது. இதில் பேருந்து இருக்கிற படங்களைத் தொடு என்றது.

மங்கின வெளிச்சத்தில் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் எல்லாப் பேருந்தையும் தொட்டேன்.